இரத்தக் குழாயின் மென்தசைச் செல் எப்போது பெருகுகிறது? வேலூர் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காட்பாடி, பாகாயம், சேர்க்காடு, அடுக்கம்பாறை என்று வேலூரைச் சுற்றி உயிரியலும் மருத்துவமும் படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களில் சிலர் இரத்தக் குழாய் ஆய்வுக்கு வருகிறார்கள். வரும்போதே கையில் ஒரு படம் இருக்கும், பக்கம் முழுக்க அம்புக்குறி. ராஸ், ராஃப், மெக், இஆர்கே, ஏகேடி, எம்டார் என்று செல்லுக்குள் சிக்னல் கடத்தும் புரதங்களை வரிசையாக ஒப்பிக்கவும் செய்வார்கள். "சரி, ஆரோக்கியமான தமனியில் இந்த மென்தசைச் செல் ஏன் பெருகாமல் இருக்கிறது?" என்று கேட்டால் அமைதியாகிவிடுவார்கள்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தூண்டும் பாதைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்குத் தங்கள் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பிரித்துப் பட்டையாகக் காட்டும் சோதனை) வந்த பட்டைக்குக் கூடப் பொருள் சொல்ல வராது. தடுக்கும் பாதைகளை முதலில் புரிந்துகொண்டால் மற்றவை தாமாக வந்து அதனதன் இடத்தில் உட்காரும்.

இந்த ஊரில் இதைப் படிக்கத் தனிக் காரணமும் இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனை இருக்கும் தோட்டப்பாளையத்தில் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். ஜார்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள், நம் ஆற்காடு, குடியாத்தம் பக்கத்துக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (சிரையைத் தமனியோடு இணைப்பது) வைத்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள். "குழாய் மறுபடி சுருங்கிவிட்டது" என்று மருத்துவர் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: குழாய்ச் சுவரின் மென்தசைச் செல்கள் உள்பக்கம் நகர்ந்து, பெருகி, தம்மைச் சுற்றி நார்ப்பொருளைக் கொட்டி, வழியைக் குறுக்கிவிட்டன.

முதல் படி: திசுவைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கறிக்கடைக்குப் போய், "பாய், இதயத்தோட சேர்த்து அந்தப் பெரிய குழாயையும் வெட்டாம கொடுங்க" என்று கேளுங்கள். ஆட்டின் இதயத்திலிருந்து வளைந்து கிளம்பும் பெருந்தமனி வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும். கழுவிவிட்டு இரண்டு முனையையும் பிடித்து இழுத்து விடுங்கள், சட்டென்று பழைய நீளத்துக்குத் திரும்பும். வெளியே ஒட்டியிருக்கும் கொழுப்பையும் நாரையும் ஃபோர்செப்ஸால் உரித்தால் வெளி அடுக்கு போய்விடும். நீளவாக்கில் வெட்டித் திறந்தால் உட்புறம் ஈரமாக மினுங்கும். அங்கே எண்டோதீலியம் என்ற உள் உறை ஒற்றைச் செல் கனத்தில்தான் இருக்கிறது. விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாலே உரிந்துவிடும். ஸ்டென்ட்டும் அடைப்பை விரிக்கும் பலூனும் அந்த அடுக்குக்கு என்ன செய்யும் என்பது அப்போதே புரியும்.

மீதி இருப்பது நடு அடுக்கு. அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தாள் தாளாகப் பிரியும். எலாஸ்டின் என்ற மீள்புரதத் தகடு, நடுவில் மென்தசைச் செல்கள், மறுபடி எலாஸ்டின் தகடு என்று மாறி மாறி அடுக்கியிருப்பதால்தான் அப்படிப் பிரிகிறது. மனிதரின் மார்புப் பெருந்தமனியில் இப்படி 50க்கும் மேற்பட்ட அடுக்குகள் உண்டு. நாம் பேசப் போகும் செல் வாழ்நாள் முழுக்க அந்தத் தகடுகளுக்கு நடுவில் கிடந்து சுருங்கி விரிகிறது. பெருகுவது அதன் அன்றாட வேலை இல்லை.

இரண்டாம் படி: பெருகாமல் இருப்பது எப்படி என்று எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் செல்லை வரைந்து, அதைப் பெருகவிடாமல் வைத்திருப்பவற்றை மட்டும் முதலில் குறியுங்கள். எதுவும் நடக்காதபோது செல் தானாகச் சும்மா இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல சிக்னல்கள் ஓயாமல் வேலை செய்துதான் அதை அப்படி வைத்திருக்கின்றன.

பக்கத்து வீட்டிலிருந்து வருவது நைட்ரிக் ஆக்சைடு. எண்டோதீலியம் அதை உண்டாக்குகிறது. அது மென்தசைச் செல்லுக்குள் பரவி, குவானிலேட் சைக்ளேஸ் நொதியைத் தூண்டி, சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிக்னல் மூலக்கூறைக் கூட்டி, புரோட்டீன் கைனேஸ் ஜி (கைனேஸ் என்றால் பாஸ்பேட் ஏற்றும் நொதி) வழியாகச் செல்லைத் தளர்த்துகிறது, பெருக்கத்தையும் அடக்குகிறது. எண்டோதீலியம் இல்லாவிட்டால் அசிடைல்கோலின் கொடுத்தாலும் தமனி தளராது என்று 1980ல் ஃபர்ச்காட் காட்டியதும், அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடுதான் என்று தெரியவந்ததும், 1998ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் தெரிந்த கதை. எண்டோதீலியம் தரும் புரோஸ்டாசைக்ளின், சைக்ளிக் ஏஎம்பி வழியாக இதே திசையில் வேலை செய்கிறது.

செல்லைச் சுற்றியுள்ள பொருளும் பேசும். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின், மென்தசைச் செல்லின் பெருக்கத்தைக் குறைக்கிறது என்று 1977லேயே கண்டார்கள், குழாய்ச் சுவரில் இயல்பாக இருக்கும் ஹெபரான் சல்பேட்டும் அந்தக் குடும்பம்தான். இழையாகக் கட்டிய கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின்மேல் உட்கார்ந்த செல்லில் பி27 போன்ற தடைப் புரதங்கள் கூடி, அது ஓய்ந்திருக்கும். அதே கொலாஜனை இழையாகக் கட்டாமல் ஒற்றை மூலக்கூறாகச் செல் வளர்க்கும் தட்டில் பூசினால் செல் தாராளமாகப் பெருகும். தட்டில் எதைப் பூசினீர்கள் என்பதை நோட்டில் எழுதச் சொல்வது இதனால்தான்.

உட்கருவில் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எஸ்ஆர்எஃப் என்றொரு புரதம் டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் உட்காருகிறது. மயோகார்டின் அதோடு சேர்ந்தால் ஆல்ஃபா ஆக்டின், எஸ்எம்22, கால்போனின், மயோசின் கனச்சங்கிலி என்று சுருங்கும் வேலைக்கான ஜீன்கள் ஓடும். வளர்ச்சி சிக்னல் வந்து இஆர்கே என்ற கைனேஸ் எழுந்தால், அது எல்க்-1 என்ற புரதத்தில் பாஸ்பேட் சேர்க்கும். பாஸ்பேட் ஏறிய எல்க்-1 மயோகார்டினைத் தள்ளிவிட்டு அதே எஸ்ஆர்எஃப்பைப் பிடித்துக்கொள்ளும், சி-ஃபாஸ் போன்ற வளர்ச்சி ஜீன்கள் ஓடத் தொடங்கும். சுருங்கும் செல்லும் பெருகும் செல்லும் இருவேறு இனம் இல்லை. ஒரே செல், ஒரே எஸ்ஆர்எஃப், துணை மட்டும் மாறுகிறது. கேஎல்எஃப்4 என்ற புரதம் இந்த மாற்றத்துக்கு உதவுகிறது, மைக்ரோ ஆர்என்ஏ 143ம் 145ம் செல்லைச் சுருங்கும் பக்கமே இழுத்துப் பிடிக்கின்றன.

மூன்றாம் படி: இப்போது பிடிஜிஎஃப் பாதையை வரையுங்கள்

இரத்தம் உறைந்தபின் மேலே தேங்கும் சீரத்தில் தமனியின் மென்தசைச் செல்கள் நன்றாக வளரும், உறையவிடாமல் பிளேட்லெட்டை நீக்கிப் பிரித்த பிளாஸ்மாவில் வளராது. 1974ல் ரஸ்ஸல் ராஸும் அவரது குழுவும் இதைக் காட்டி, வளர்க்கும் பொருள் பிளேட்லெட்டிலிருந்து வருகிறது என்றார்கள். அதுதான் பிடிஜிஎஃப். எண்டோதீலியம் உரிந்த இடத்தில் பிளேட்லெட் வந்து ஒட்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்: தடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு போன இடத்துக்கே தூண்டும் பொருள் வந்து சேர்கிறது.

பிடிஜிஎஃப்பின் ஒரு வகையான பிடிஜிஎஃப்-பிபி வந்து ஒட்டினால் செல்லின் மேலுள்ள பீட்டா ரிசெப்டர்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஒன்றின் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் மற்றொன்று பாஸ்பேட் ஏற்றும். ஒவ்வொரு பாஸ்போ டைரோசினும் ஒரு இருக்கை. 740, 751ஆம் இடங்களில் பிஐ3 கைனேஸ் உட்காரும், 1021ல் பிஎல்சி காமா. இந்த எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு இருக்கையை மட்டும் மாற்றிய ரிசெப்டரை வைத்து எந்தக் கிளைக்கு என்ன வேலை என்று பிரித்துப் பார்க்க முடியும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கிளைகள் மூன்று. கிரப்2, எஸ்ஓஎஸ், ராஸ், ராஃப், மெக் வழியாக இஆர்கே ஒன்று. பிஐ3 கைனேஸ், ஏகேடி, எம்டார், எஸ்6 கைனேஸ் என்று புரத உற்பத்தியைக் கூட்டும் கிளை இன்னொன்று. பிஎல்சி காமா வழியாகக் கால்சியத்தையும் புரோட்டீன் கைனேஸ் சியையும் எழுப்புவது மூன்றாவது. வளர்ச்சியில் முதல் இரண்டுக்குத்தான் பங்கு பெரிது, அவற்றில் நேரம் செலவிடுங்கள்.

நான்காம் படி: எல்லாப் பாதையும் சேரும் கதவு

செல் ஜி1 நிலையிலிருந்து டிஎன்ஏவை நகலெடுக்கும் எஸ் நிலைக்குப் போகும் இடம்தான் அந்தக் கதவு. ஆர்பி என்ற புரதம், நகலெடுப்புக்கான ஜீன்களை ஓடவைக்கும் இ2எஃப்பைப் பிடித்து வைத்து அதை மூடியிருக்கிறது. சைக்ளின் டி1 என்ற புரதம், சிடிகே 4, 6 என்ற கைனேஸ்களோடு சேர்ந்து ஆர்பியில் பாஸ்பேட் ஏற்றத் தொடங்கும், சைக்ளின் இயும் சிடிகே2வும் அதை முடிக்கும். சிடிகே2வைப் பிடித்து வைத்திருப்பது பி27.

சைக்ளின் டி1 ஜீனை ஓடவைப்பதில் இஆர்கே முக்கியம். ஆனால் உண்டான சைக்ளின் டி1ஐ ஜிஎஸ்கே3 பீட்டா அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏகேடி வந்து அந்த ஜிஎஸ்கே3ஐ அடக்கினால்தான் புரதம் நிலைக்கும். பி27 இறங்கவும் பிஐ3 கைனேஸ், எம்டார் கிளை வேண்டும். பேங்க் லாக்கர் மாதிரி, இரண்டு சாவியும் போட்டால்தான் திறக்கும். இஆர்கேயை மட்டும் அடைத்தாலும் பெருக்கம் குறைகிறது, எம்டாரை மட்டும் அடைத்தாலும் குறைகிறது, அப்படியானால் எதுதான் உண்மையான பாதை என்று குழம்பும் மாணவருக்கு இதுதான் விடை. இரண்டுமே தேவை. இரண்டில் எதுவும் தனியாகப் போதாது.

நேரத்தையும் கவனியுங்கள். பிடிஜிஎஃப் கொடுத்த 5 முதல் 10 நிமிடத்தில் இஆர்கே பாஸ்பேட் உச்சத்துக்குப் போகும். ஆனால் அந்த முதல் எழுச்சி மட்டும் சைக்ளின் டி1க்குப் போதாது, பல மணி நேரம் ஓரளவாவது தாங்க வேண்டும். 10 நிமிடப் பட்டையை மட்டும் காட்டிவிட்டு, "இந்த மருந்து இஆர்கேயைத் தொடவில்லை, ஆனால் பெருக்கத்தைக் குறைக்கிறது" என்று எழுதுவது சரியில்லை. 4 மணி, 8 மணி நேரத்திலும் பார்த்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வளர்ச்சி என்றால் எந்த வளர்ச்சி?

எண்ணிக்கை கூடுவது வேறு, ஒவ்வொரு செல்லும் பருப்பது வேறு. இரத்த அழுத்தத்தைக் கூட்டும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சின் II இதற்கு நல்ல பாடம். ஏடி1 ரிசெப்டர், ஜிக்யூ, பிஎல்சி பீட்டா, கால்சியம் என்று அதன் பாதை தொடங்கும். பக்கவாட்டில் ஆக்சிஜன் வினைப்பொருள்களையும் செல்லின் மேலுள்ள மெட்டலோபுரோட்டினேஸ் என்ற புரதம் வெட்டும் நொதிகளையும் எழுப்பி, அவற்றின் மூலம் இஜிஎஃப் என்ற இன்னொரு வளர்ச்சிப் பொருளின் ரிசெப்டரையும் கிளப்பிவிடும். இவ்வளவும் நடந்தும், சீரம் இல்லாமல் ஓய்வில் இருக்கும் எலிப் பெருந்தமனிச் செல்லில் முக்கியமாகக் கூடுவது செல்லின் புரத அளவு. எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. இஆர்கே பட்டை இங்கேயும் பளிச்சென்று வரும், அதைப் பார்த்து "பெருகுகிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

டிஜிஎஃப் பீட்டா என்ற வளர்ச்சிப் பொருள் செறிவுக்கும் சூழலுக்கும் ஏற்பத் தூண்டும் அல்லது தடுக்கும். நாட்ச் பாதை பக்கத்துச் செல்லைத் தொட்டால் ஓடும், அதன் நாட்ச்3 ரிசெப்டரில் வரும் மரபுப் பிழைதான் மூளையின் சிறு தமனிகளைப் பாதிக்கும் காடாசில் நோய்க்குக் காரணம். இந்த இரண்டையும் அடிப்படை பிடிபட்ட பிறகு படிக்கலாம்.

ஆறாம் படி: ஆய்வகத்தில் சோதிப்பது

தொடங்க ஏ7ஆர்5 போன்ற எலிச் செல்வரிசை போதும். ஆனால் அது சுருங்கும் தன்மையைப் பாதி மறந்துபோன செல், முடிவைத் திசுவிலிருந்து நேரடியாக எடுத்த முதன்மைச் செல்லிலும் பார்க்க வேண்டும். தொப்புள்கொடித் தமனியோ பைபாஸில் மிஞ்சிய சிரைத் துண்டோ எடுப்பதானால் நிறுவன அறநெறிக் குழுவின் அனுமதியும் கொடுப்பவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் முதலில் வேண்டும். எடுத்த செல் மென்தசைதானா என்று ஆல்ஃபா ஆக்டினோடு கால்போனினோ மயோசின் கனச்சங்கிலியோ சேர்த்துப் பாருங்கள். ஆல்ஃபா ஆக்டின் மட்டும் போதாது, காயம் ஆற்றும் நார்ச்செல்லிலும் அது வரும். தட்டு நிறையும்போது மேடும் பள்ளமுமாக வளர்வது நல்ல அடையாளம். பாசேஜ் (செல்லைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் தடவை) 3 முதல் 8க்குள் சோதனையை முடித்துக்கொள்ளுங்கள்.

செல்லை ஓய்வுக்குக் கொண்டுவர 24 முதல் 48 மணி நேரம் 0.1 முதல் 0.5 சதவீத சீரத்தில் வையுங்கள். இது சடங்கு இல்லை. 10 சதவீத சீரத்திலேயே பிளேட்லெட் வளர்ச்சிப் பொருள்கள் இருப்பதால் அங்கே பிடிஜிஎஃப் கொடுத்து வித்தியாசம் தேடுவது வீண். அப்புறம் பிடிஜிஎஃப்-பிபியை மில்லிக்கு 10 முதல் 20 நானோகிராம் கொடுங்கள். அதற்கு அரைமணி, ஒருமணி நேரம் முன்பே தடைப்பொருள் போக வேண்டும்: மெக்குக்கு யூ0126 10 மைக்ரோமோலார், எம்டாருக்கு ராபமைசின் 10 முதல் 100 நானோமோலார். பிஐ3 கைனேஸுக்கு எல்ஒய்294002 பயன்படுத்தினால் அது எம்டாரையும் நேரடியாகத் தொடும் என்பதை மறக்காதீர்கள், வேறொரு தடைப்பொருளோ ஜீனை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏவோ துணைக்கு இருக்கட்டும். தடைப்பொருளைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் எல்லாக் குழியிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

பெருக்கத்தை அளக்க நிறமாற்றத்தை வைத்துக் கணக்கிடும் எம்டிடி சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அது காட்டுவது செல்லின் வளர்சிதை வினையை. பிடிஜிஎஃப்பும் எம்டார் தடைப்பொருளும் அந்த வினையையே மாற்றுபவை, எண்ணிக்கை மாறாமலே நிறம் மாறலாம். 48 அல்லது 72 மணி நேரத்தில் செல்லைப் பிரித்து எண்ணுங்கள், 24 மணி நேரத்தில் புதிய டிஎன்ஏவில் இடியூ அல்லது பிஆர்டியூ என்ற அடையாளப் பொருள் ஏறியதா என்று பாருங்கள். குறைந்தது என்றால் பெருகாததாலா, செத்ததாலா என்றும் தனியே பார்க்க வேண்டும்.

வெஸ்டர்ன் பிளாட்டுக்கு ஐஸ்மேல் செல்லை உடைக்கும்போது பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளை அடக்கும் ஆர்த்தோவனடேட்டும் ஃப்ளூரைடும் சேர்க்காவிட்டால் பாஸ்பேட் சில நிமிடத்தில் போய்விடும். இஆர்கே 44, 42 கிலோடால்டனில் இரட்டைப் பட்டையாக வரும். பாஸ்பேட் உள்ளதை மொத்த இஆர்கேயோடு ஒப்பிடுங்கள், டியூபுலினோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது.

வேலூருக்கே உரிய ஒன்று. கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். கார்பன் டைஆக்சைடு இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறை வெப்பம் 32, 33 டிகிரியைத் தாண்டினால் அதனால் 37ல் நிற்க முடியாமல் போகலாம். இரவில் ஏசி நின்று, காலையில் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தால் யாருக்கும் தெரியாது, செல்லுக்கு மட்டும் தெரியும். வெப்ப அதிர்ச்சியும் கைனேஸ்களை எழுப்பும், உங்கள் ஓய்வுச் செல் ஓய்வில் இருக்காது. அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைக் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்து, மே மாதம் முழுக்கத் தினமும் குறித்து வையுங்கள். வளர்ச்சிப் பொருள் பார்சல் சென்னையிலிருந்து வரும்போது ஐஸ் உருகியிருந்தால் அதையும் எழுதி வையுங்கள். கரைத்ததும் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறையவைத்துவிட வேண்டும்.

ஏழாம் படி: ராபமைசினின் கதையைப் பாதையோடு சேர்த்துப் படியுங்கள்

1964ல் ஈஸ்டர் தீவுக்குப் போன கனடாக் குழு எடுத்துவந்த மண்ணில் இருந்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிலிருந்து, மாண்ட்ரியலில் சுரேன் சேகல் குழு இந்தப் பொருளைப் பிரித்தது. சேகல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பூஞ்சைக்கொல்லியாகத் தொடங்கிய அது, 1999ல் சிறுநீரக மாற்றுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1971லேயே சிறுநீரக மாற்று செய்த மருத்துவமனை உள்ள ஊர்க்காரர்கள் நாம், இந்தக் கதை நமக்கு அந்நியமில்லை.

செல்லுக்குள் அது எஃப்கேபிபி12 புரதத்தோடு சேர்ந்து எம்டாரை அடக்கும், பி27 இறங்காது, கதவு திறக்காது. மென்தசைச் செல்லில் இதை 1995ல் காட்டினார்கள். 2003 ஏப்ரலில் இந்த மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. வெறும் உலோக ஸ்டென்ட் காலத்தில் ஐந்தில் ஒருவர், நால்வரில் ஒருவர் என்ற அளவுக்கு இருந்த மறுஅடைப்பு வெகுவாகக் குறைந்தது. இன்று வைக்கும் பெரும்பாலான ஸ்டென்ட்களில் இருப்பது இதுவோ இதன் உறவு மருந்துகளோதான்.

ஆனால் எம்டார் எண்டோதீலியத்துக்கும் வேண்டும். மருந்து அதன் வளர்ச்சியையும் தாமதப்படுத்துவதால் உலோகம் மூடப்படாமல் கிடந்து, இரத்தம் உறையும் ஆபத்து நீடிக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் பிளேட்லெட் ஒட்டாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை மருத்துவர் சொன்ன காலம்வரை நிறுத்தக் கூடாது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டாம் படியில் வரைந்த நைட்ரிக் ஆக்சைடு அம்புக்குறியும் அந்த நாள்களில் பலவீனமாகவே இருக்கும்.

எட்டாம் படி: உடலில் எந்த இடம், எந்த நாள் என்று கேளுங்கள்

எலியின் கழுத்துத் தமனியைப் பலூனால் உரசினால் ஓரிரு நாளில் நடு அடுக்கின் செல்கள் டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்கும், நாலாம் நாள் வாக்கில் உள்பக்கம் வந்து சேரும், இரண்டு வாரத்தில் தடித்த படலம் இருக்கும். தட்டில் பார்த்ததை வைத்து எல்லாவற்றுக்கும் பிடிஜிஎஃப்தான் காரணம் என்று தோன்றும். 1991ல் வளர்ச்சிப் பொருள்களைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடிகளை வைத்துச் சோதித்தபோது, முதல் பெருக்கத்தைக் கிளப்பியதில் காயம்பட்ட செல்லிலிருந்து கசிந்த எஃப்ஜிஎஃப்2 என்ற வளர்ச்சிப் பொருளுக்குப் பெரிய பங்கு இருந்தது தெரிந்தது. அங்கே பிடிஜிஎஃப்பின் முக்கிய வேலை செல்லை உள்ளே நகர்த்துவதாக இருந்தது. தட்டில் பெருக்கும் பொருள், தமனியில் முதன்மையாக நகர்த்தும் பொருள்.

கொழுப்புப் படிவம் உள்ள தமனியில் இன்னொரு எச்சரிக்கை. அங்கே படிவத்தின் மேல்மூடியைக் கட்டிப் பிடித்திருப்பது மென்தசைச் செல்லும் அது சுரக்கும் கொலாஜனும்தான். மூடி மெலிந்து கிழிந்தால் மாரடைப்பு. "பெருக்கத்தைத் தடுப்பது நல்லது" என்று ஸ்டென்ட்டுக்கு எழுதிய வரியை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது.

கடைசியாக, டயாலிசிஸ் ஃபிஸ்டுலா. சிரையைத் தமனியோடு இணைத்ததும் மெல்லிய சிரைச் சுவர் திடீரென்று தமனியின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் வாங்குகிறது. இணைப்புக்கு அருகில் ஓட்டம் சுழலும் இடத்தில் படலம் தடிக்கிறது. அங்கே சேரும் செல்களில் மென்தசையும் உண்டு, ஆல்ஃபா ஆக்டின் காட்டும் நார்ச்செல்லும் உண்டு. யூரியா மிகுந்த இரத்தம், வாரம் மூன்று முறை குத்தும் ஊசி, இழுவிசை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. தமனியில் பலன் தந்த, பாக்லிடாக்சல் என்ற பெருக்கத் தடை மருந்து பூசிய பலூனுக்கு இங்கே ஓர் ஆய்வில் நல்ல பலன், இன்னொன்றில் பலனில்லை என்று முடிவுகள் முன்னுக்குப் பின்னாக வந்திருக்கின்றன. நம் ஊரில் ஆய்வுக்கு வருகிறவர் தலைப்பு தேடினால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்: சிரையின் மென்தசைச் செல், சுழலும் ஓட்டத்தில், சிறுநீரக நோயாளியின் சீரத்தில் வளரும்போது, இஆர்கே, எம்டார் என்ற அந்த இரண்டு சாவிகளில் எது முதலில் திரும்புகிறது? சோதனையைத் தொடங்கும் முன் இரண்டாம் படித் தாளைச் சிரைக்காகப் புதிதாக வரையுங்கள். தமனிக்கு வரைந்த தடைகளில் எவை அங்கே இருக்கின்றன, எவை தொடக்கத்திலிருந்தே இல்லை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் குறியுங்கள்.